இருபத்தாறும் பதினாலும் முந்நூத்திப்பத்து

போன மாசம் உங்க பயிற்சிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, முன்வரிசையில உக்கார வச்சு, ஒரு சால்வையும் போத்திவிட்டு, "டீச்சர், சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்க எந்தப் பொருள் நல்லா எடுபடும்? மணிச்சட்டமா, பிளாஸ்டிக் கட்டையா, புளியங்கொட்டையா?"ன்னு கேட்டீங்க. நான் என்னத்தையோ சொல்லி மழுப்பிட்டு, குடுத்த போண்டாவையும் தின்னுட்டு வந்துட்டேன். பஸ்ஸுல ஏறுனதுல இருந்து அது என்னை அரிச்சுக்கிட்டே கெடக்கு. முப்பத்தோரு வருசம் கணக்கு நடத்துனவளுக்குப் பதில் தெரியாமலா? தெரியும். சொல்லத்தான் கூச்சம். அந்தப் பதிலைச் சொல்லணும்னா என் தப்பு ஒண்ணையும் சேத்துச் சொல்லணும். இப்ப சோலி ஒண்ணும் இல்லாம வீட்டுலதான இருக்கேன், எழுதியே குடுத்துர்றேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கங்க.

எனக்கு ஊரு ஆயக்குடி. கொய்யாக்காய்க்கு நடுவுல வளந்தவ. வெயில் ஊருக்காரியைத் தூக்கி மேல்மலையில போட்டாங்க. கொடைக்கானல்ல இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் புடிச்சு, வளைஞ்சு வளைஞ்சு போகணும். ஊரு பேரு எதுக்கு, வேண்டாம். சுத்திலும் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட்டு. ஸ்கூல்ல ரெண்டே பேரு. நான் ஒருத்தி, ஹெச்.எம். ஒருத்தரு. அவரு கொடைக்கானல்ல குடியிருந்தார். காலையில பஸ்ஸுல வருவார், சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸுல போயிருவார். நான் அந்த ஊருலயே ஒரு ரூம் எடுத்துத் தங்கிட்டேன். மொத வாரம் ரெண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டுப் பாடம் நடத்துனதைப் பாத்து, பிள்ளைக எனக்குக் காய்ச்சல்னு நினைச்சுருச்சுக.

ஹெச்.எம். நல்ல மனுசன்தான். ஒருத்தரையும் கடிஞ்சு பேச மாட்டார். ஆனா ஸ்டாக் ரிஜிஸ்டர்னா அவருக்குச் சாமி மாதிரி. ஸ்கூலுக்குக் கணக்குப் பெட்டின்னு ஒண்ணு வந்திருந்துச்சு. பிளாஸ்டிக் கட்டைக. ஒண்ணுக்குச் சின்னக் கட்டை, பத்துக்கு நீளக் கட்டை, நூறுக்கு அகலமா ஒரு பலகை. நீளக் கட்டையில பத்துக் கோடு போட்டிருக்கும். சின்னக் கட்டை பத்தைப் பக்கத்துல அடுக்குனா நீளக் கட்டைக்குச் சரியா வரும். அருமையான பொருள். அதைப் பிள்ளைக கண்ணுல காட்டாம பீரோவுல பூட்டி வச்சிருந்தார்.

"ஒரு கட்டை தொலைஞ்சா யாரு டீச்சர் பதில் சொல்றது?"ன்னு கேட்டார்.

பிள்ளைகளுக்குக் கணக்கு வராமப் போனா யாரு சார் பதில் சொல்றதுன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். புதுசுல்ல.

ஆனா எனக்கு ஒரு கெட்ட குணம். இல்லைன்னு ஒருத்தர் சொல்லிட்டா, அதை விட நல்லதாக் கொண்டாந்து அவங்க முன்னாடி வைக்காமத் தூக்கம் வராது. ஊரு பூரா பூண்டு கெடக்கு. விலைக்குப் போகாத பொடிப்பூண்டைத் தாளோட, அதான் காஞ்ச தண்டோட, கொண்டாங்கன்னு பிள்ளைககிட்டச் சொன்னேன். மறுநாளே மூட்டை வந்துருச்சு. பத்துப் பூண்டைச் சேத்துத் தாளை நாரால கட்டுனா ஒரு கட்டு. கட்டாதது உதிரி. முப்பத்திநாலுன்னா மூணு கட்டு, நாலு உதிரி. கூட்டும்போது உதிரி பெருகுச்சுன்னா புதுசா ஒரு கட்டு கட்டிக்கணும். கழிக்கும்போது உதிரி பத்தலைன்னா ஒரு கட்டை அவுத்துக்கணும். அம்புட்டுதான் கணக்கு. அவங்கவங்க கட்டை அவங்கவங்களே கட்டி, துணிப்பையில போட்டு வச்சுக்கணும்னு சொன்னேன். தோட்டத்துல பூண்டு புடுங்கிப் பழகுன கை, என்னை விட வேகமாக் கட்டுச்சுக. வகுப்பு பூரா பூண்டு வாசம். ஹெச்.எம். தும்மிக்கிட்டே ரவுண்டு வருவார்.

ஆய்வுக்கு வந்த ஒரு அதிகாரி அதைப் பாத்து அசந்து போயி, போட்டோ புடிச்சு, "இந்த மண்ணோட பொருளை வச்சே சொல்லிக் குடுக்குறீங்களே டீச்சர்"ன்னு புகழ்ந்துட்டுப் போனார். சும்மா இருந்தவளை ஏத்திவிட்டுட்டார். ஒரு வாரம் எனக்குக் கால் தரையில நிக்கல.

அந்த வருசம் மூணாப்புல கோகிலான்னு ஒரு பிள்ளை. ரெட்டைச் சடை, கன்னம் ரெண்டும் குளிர்ல வெடிச்சிருக்கும். அதிகம் பேசாது. வாசிப்பு நல்லா வரும். கணக்கு மட்டும் வராது. வராதுன்னு நான் நினைச்சேன்.

ஒரு நாள் இருபத்தாறையும் பதினாலையும் கூட்டச் சொல்லியிருந்தேன். கோகிலா பையைக் கவுத்தி, கட்டை எடுத்து வச்சு, உதிரியை ஒதுக்கி, ரொம்ப நேரம் யோசிச்சுச்சு. அப்புறம் ஸ்லேட்டுல எழுதிக் காட்டுச்சு. முந்நூத்திப்பத்து. பத்து ஸ்தானத்துல மூணு, ஒண்ணு ஸ்தானத்துல பத்துன்னு வரிசையா எழுதிட்டா அப்பிடித்தான வரும்?

எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. அதோட விட்டிருக்கலாம். "ஏத்தா, முந்நூத்திப்பத்தா? எங்க ஊரு கொய்யாத்தோப்பைப் பூரா உலுக்கிக் கொண்டாந்துட்டியா?"ன்னு கேட்டுட்டேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. "ஏலே, போதும், சிரிக்காதீங்கடா"ன்னு நானே அப்புறம் அதட்டுனேன். தீயை வச்சுட்டுத் தண்ணி தேடுன கதைதான். அன்னிக்கு இருந்து அந்தப் பிள்ளைக்கு முந்நூத்திப்பத்துன்னே பேரு விழுந்துருச்சு. கோகிலா எங்கிட்ட வாயைத் திறக்குறதை நிறுத்திருச்சு. கேட்டா தலையைக் குனிஞ்சுக்கும். நோட்டுப் பூரா என் சிவப்பு மை.

அப்பத்தான் மேல இருந்து ஒரு கடிதம் வந்துச்சு. மத்த பிள்ளைகளோட சேந்து படிக்க முடியாத பிள்ளைக யாரு யாருன்னு பட்டியல் அனுப்பணும். கீழ முகாம் வச்சுப் பாப்பாங்க. அந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னு விடுதியோட ஒரு பள்ளிக்கூடம் கீழ இருந்துச்சு, அங்க சேப்பாங்க. தேவைப்படுற பிள்ளைக்கு அது நல்ல இடம், குறை சொல்ல மாட்டேன். எங்க ஸ்கூல்லயே ஒரு பையனுக்கு அது உண்மையிலேயே தேவைப்பட்டுச்சு. அவன் பேரை எழுதினேன். அதுக்குக் கீழ கோகிலா பேரையும் எழுதினேன். யாரும் சொல்லி எழுதல. நானாத்தான் எழுதினேன், என் கையெழுத்துலதான் எழுதினேன்.

பட்டியல் போறதுக்கு முந்தின நாளே அவ அம்மாவைக் கூப்பிட்டு ஹெச்.எம். விசயத்தைச் சொல்லிட்டார். அந்தம்மா ஒண்ணும் எதுத்துப் பேசல. "நீங்க பாத்துச் சொன்னாச் சரிதாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. எட்டு வயசுப் பிள்ளையை மலைய விட்டுக் கீழ அனுப்புறதுக்கு, வாத்தியாரு சொன்னா சரின்னு தலையாட்டிட்டுப் போன மனுசி அது.

பட்டியல் கிளம்ப வேண்டிய அன்னிக்கு வருசாந்தர ஸ்டாக் சரிபார்ப்பும் சேந்துக்கிச்சு. ஹெச்.எம். கவரை ஒட்டித் தன் பையில வச்சுட்டு, மத்தியானம் பீரோவைத் திறந்தார். கணக்குப் பெட்டி வெளிய வந்துச்சு. வராந்தாவுல பாயைப் போட்டுக் கட்டையக் கொட்டினார். எண்ணி எண்ணி விட்டுப்போகுது அவருக்கு. நாலு பிள்ளைகளைக் கூப்பிட்டு, பத்துப் பத்தா அடுக்குங்கன்னார். அதுல கோகிலாவும் ஒண்ணு.

நான் சும்மாதான் பக்கத்துல நின்னேன். பிள்ளை சின்னக் கட்டையை நீளக் கட்டைக்குப் பக்கத்துல வச்சு வச்சு, வெரசா அடுக்குது. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. எனக்கு என்ன தோணுச்சோ, "ஏத்தா, அதுல இருபத்தாறும் பதினாலும் வையி பாப்போம்"னேன். சுத்தி நின்னதுக கிசுகிசுன்னு சிரிச்சுச்சுக. கோகிலா நிமிந்து பாக்காம நீளக் கட்டை ரெண்டு, ஒண்ணு வச்சுச்சு. சின்னக் கட்டையை ஒண்ணாச் சேத்துச்சு. பத்து வந்ததும் அதை ஒதுக்கிட்டு, ஒரு நீளக் கட்டையை எடுத்து வச்சுச்சு. நாலு நீளக் கட்டை. நாப்பது.

எனக்குச் சுருக்குன்னுச்சு. அம்பத்திரெண்டுல பதினேழு போச்சுன்னான்னு கேட்டேன். முப்பத்தஞ்சு. இருபத்தேழும் பதினஞ்சும்? நாப்பத்திரெண்டு. ஒண்ணு பிசகல.

"போயி உன் பூண்டுப் பையை எடுத்துக்கிட்டு வா தாயி"ன்னேன். பூண்டுல அதே இருபத்தாறும் பதினாலும் வைக்கச் சொன்னேன். மூணு கட்டு எடுத்து வச்சுச்சு. உதிரி பத்தை எண்ணி எண்ணிப் பாத்துச்சு. கட்டல. அப்பிடியே விட்டுட்டுக் கையைக் கட்டிக்கிச்சு. அதே முந்நூத்திப்பத்து.

இதைக் கவனிங்க. பிளாஸ்டிக்ல வருது, பூண்டுல வரல. ஒரே பிள்ளை, ஒரே கணக்கு, அரை மணி நேர வித்தியாசம். இதென்னடா கூத்து? ஓடிப்போயி அவ நோட்டை எடுத்தேன். அதுவரைக்கும் அந்த நோட்டுல தப்புப் போடத்தான் பேனா புடிச்சிருக்கேன். முத தடவையா உக்காந்து படிச்சேன்.

கட்டை அவுக்காத கழித்தல் எல்லாம் சரி. அவுத்துப் போடுற கழித்தல் எல்லாம் சரியா ஒண்ணு கூட. அம்பத்திரெண்டுல பதினேழு போச்சுன்னா முப்பத்தாறுன்னு எழுதியிருக்கு. புதுக் கட்டு கட்டாத கூட்டல் எல்லாம் சரி. கட்டுற கூட்டல் எல்லாம் சரியா ஒண்ணு கம்மி. இருபத்தேழும் பதினஞ்சும் நாப்பத்தியொண்ணுன்னு எழுதியிருக்கு. முப்பத்திநாலும் இருபத்தெட்டும் அறுபத்தியொண்ணு. ஒரு பக்கம் விடாம அப்பிடியே. தெரியாத பிள்ளை ஒரு நாளைக்கு ரெண்டு கூட எழுதும், இன்னொரு நாளைக்கு அஞ்சு கம்மியா எழுதும். இப்பிடி ஒரே மாதிரித் தப்பு விட முடியுமா? ஏதோ ஒரு விசயத்தை ரொம்ப நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கிற பிள்ளையாலதான் இப்பிடி விட முடியும்.

அவ பையில இருந்த ஒரு கட்டை எடுத்து எண்ணினேன். பதினொண்ணு. இன்னொண்ணு. பதினொண்ணு. இருந்த கட்டு அத்தனையும் பதினொண்ணு. அத்தனை மாசத்துல அந்தக் கட்டுகளை நான் ஒரு தடவை கூட எண்ணிப் பாக்கல. கட்டுன்னா பத்துன்னு நான்தான் சொல்லிட்டேனே, அப்புறம் எதுக்கு எண்ணுவேன்?

அவ கணக்குப்படி பாருங்க, உதிரி பத்து இருந்தா ஒரு கட்டுக்குப் பத்தாது. அதான் கட்டாம விட்டிருக்கு. ஒரு கட்டை அவுத்தா பதினொண்ணு உதிருது, அதான் கழித்தல்ல ஒண்ணு கூட; ஒரு கட்டு கட்டுனா பதினொண்ணு போகுது, அதான் கூட்டல்ல ஒண்ணு கம்மி. "ஏன் தாயி பதினொண்ணு பதினொண்ணாக் கட்டியிருக்க?"ன்னு கேட்டேன். தலை குனிஞ்சது குனிஞ்சதுதான். சாக்லேட் தர்றேன்னேன். நிமிரல. எப்பிடிப் பேசும்? வாயத் திறந்தா கொய்யாத்தோப்புன்னு கேலி பண்ணுன டீச்சராச்சே நான்.

நாலு மணிக்கு மணி அடிச்சுச்சு. அஞ்சு மணிக்குப் பஸ். கவரு ஹெச்.எம். பையில. "சார், இன்னிக்கு மட்டும் அதைக் குடுக்காம வைங்க"ன்னேன். "நாளைக்குக் காலையில கேப்பாங்க டீச்சர், காரணம் என்ன சொல்றது?"ன்னார். காரணம் எனக்கே தெரியாது. என்னத்தைச் சொல்ல? பதினொண்ணுன்னா சொல்ல? கோகிலா கையைப் புடிச்சுக்கிட்டு அவ வீட்டுக்கு நடந்தேன்.

அடுப்படிக்கு மேல பரண்ல பூண்டு கட்டுக் கட்டாத் தொங்குது. கீழ அவ அம்மா உக்காந்து பூண்டு கட்டிக்கிட்டு இருந்துச்சு. என்னையப் பாத்ததும் எந்திரிச்சு, முந்தானையால பலகையைத் துடைச்சுப் போட்டுச்சு. நான் உக்காரக் கூட இல்ல.

"டீச்சர், துணிமணியெல்லாம் இப்பவே எடுத்து வச்சிரணுமாங்க?"ன்னு கேட்டுச்சு.

"இரும்மா, நீ பாட்டுக்குக் கட்டு"ன்னேன். அந்தம்மா உக்காந்து மறுபடியும் கட்ட ஆரம்பிச்சுச்சு. கோகிலாவும் பக்கத்துல உக்காந்து, சொல்லாமலே பூண்டை எடுத்து எடுத்துக் குடுத்துச்சு. ரெண்டு பேரு வாயிலயும் எண்ணிக்கை ஓடுது. ஏழு, எட்டு, ஒம்போது, பத்து, மேலுக்கு ஒண்ணு. ஒரு சுத்துச் சுத்தி முடிச்சு.

"அது எத்தனைம்மா?"

"பத்துக்கட்டுங்க."

"பதினொண்ணுல்ல இருக்கு?"

அந்தம்மா என்னைய ஒரு மாதிரியாப் பாத்துச்சு. "ஆமாங்க. விதைப்பூண்டுல்ல டீச்சர். ஊருல முக்காவாசிப் பேரு எங்க வீட்டு விதையத்தான் வாங்கி நடுறாங்க. பரண்ல கெடக்கையில கட்டுக்கு ஒண்ணு சூம்பிரும். சூம்புனது போகப் பத்துத் தேறணும்ல? அவங்க கொண்டு போயி அவுத்துப் பாக்கையில ஒண்ணு கொறைஞ்சுச்சுன்னா, வீட்டுக்குல்ல கெட்ட பேரு. அதான் மேலுக்கு ஒண்ணு. எங்க மாமியாரு காலத்துல இருந்தே அப்பிடித்தான்."

ஆயக்குடியில கொய்யாக்காயைக் கூறு போடும்போது மேல ஒண்ணு வைக்காம அள்ளிக் குடுத்தா எங்கம்மா வாரியலைத் தூக்கிட்டு வரும். அந்த வீட்டுல வளந்தவ நான். எனக்குத் தோணியிருக்க வேணாமா? மத்த வீட்டுப் பிள்ளைக பூண்டை மூட்டையில அள்ளிப்போட்டுத்தான் பாத்திருக்குக. பத்துப் பத்தாக் கட்டுறதை என்கிட்டத்தான் கத்துக்கிச்சுக. இந்தப் பிள்ளைக்கு மட்டும் அது நான் சொல்லிக் குடுக்குறதுக்கு முன்னாடியே தெரியும். என்னை விட நல்லாத் தெரியும்.

நான் கோகிலா பக்கத்துல தரையில உக்காந்தேன். "தப்பு என்னுதுதான் தாயி. அன்னிக்கு உன்னையக் கேலி பண்ணியிருக்கக் கூடாது. இனிமே பண்ண மாட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஸ்கூல் கட்டுலயும் எதுக்கு மேலுக்கு ஒண்ணு வச்ச?"

கையில இருந்த பூண்டை அம்மாகிட்டக் குடுத்துட்டுச் சொல்லுச்சு. "உங்களுக்குக் கொறைஞ்சிரக் கூடாதுல்ல டீச்சர்."

"அப்ப பிளாஸ்டிக் கட்டையில ஏன் வைக்கல?"

இப்பத்தான் நிமிந்து பாத்துச்சு. இது கூடவா தெரியாதுங்கிற மாதிரி ஒரு பார்வை. "அது சூம்பாதுல்ல?"

ஐயோ, என் தங்கமேன்னு அதைக் கட்டிப் புடிச்சேன். அதுக்குள்ள கீழ ரோட்டுல ஆரன் சத்தம்.

ஓடுனேன். ஸ்வெட்டரு, சேலை, சரிவுப் பாதை, பனி வேற இறங்குது. எப்பிடி விழாம ஓடுனேன்னு இன்னிக்கும் தெரியல. கோகிலா எனக்கு முன்னாடி ஓடுது, கையில ஒரு கட்டுப் பூண்டோட. நல்லவேளை, கேரட்டு மூட்டை ஏத்திக்கிட்டு இருந்தாங்க. ஹெச்.எம். முன்னால ஜன்னலோரத்துல உக்காந்திருந்தார். மடியில பை. பஸ் நெறைஞ்ச கூட்டம், பூராம் அந்த ஊருச் சனம், எல்லாரும் எனக்குத் தெரிஞ்ச முகம். படியில ஒரு காலை வச்சு நின்னேன்.

"டீச்சர், ஏறுறீங்களா எறங்குறீங்களா?"ன்னு கண்டக்டர் கத்துறார்.

"சார், கவர்ல ஒரு பேரு தப்பு. கோகிலா பேரை எடுக்கணும்."

"நீங்கதான டீச்சர் எழுதுனீங்க?"

நல்ல கேள்விதான். இத்தனை பேரு முன்னால, அதிகாரியே போட்டோ புடிச்சுப் புகழ்ந்த டீச்சர் நான். "நான்தான் எழுதுனேன். தப்பா எழுதிட்டேன்"ன்னேன்.

"சரி, நாளைக்கு ஒரு கடிதமாக் குடுங்க, அனுப்பிருவோம்"னார் பதவிசா. எனக்குத் தெரியும், நாளைக்கின்னா நடக்காது. கீழ எறங்குன பேரு ஒரு மேசையில இருந்து இன்னொரு மேசைக்குப் போயிக்கிட்டே இருக்கும். அதைத் துரத்திப் புடிச்சு மறுபடி மேல ஏத்துறதுக்குள்ள பிள்ளை விடுதியில இருக்கும். "நாளைக்கு இல்ல சார், இப்ப. வேணும்னா நீங்களே ஒரு கணக்குக் கேட்டுப் பாருங்க"ன்னேன்.

அந்த மனுசனுக்கு அந்த ஒரு கணக்குதான் ஞாபகத்துல இருந்திருக்கு. ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, "கோகிலா, இருபத்தாறும் பதினாலும் எம்புட்டு?"ன்னு கேட்டார். பஸ்ஸுக்குள்ள யாரோ ஒருத்தன் முந்நூத்திப்பத்துன்னு முணுமுணுத்துச் சிரிச்சான்.

கோகிலா என்னையப் பாத்துச்சு. சொல்லு தாயின்னேன்.

"பூண்டுலயா சார், பெட்டிக் கட்டையிலயா?"

ஹெச்.எம். திகைச்சுப் போயிட்டார். "ரெண்டுலயும் சொல்லு."

"பெட்டிக் கட்டைன்னா நாப்பது சார். பூண்டுன்னா மூணு கட்டு, பத்து உதிரி. மேலுக்கு ஒண்ணு இல்லாமக் கட்டுனா குடுக்கக் கூடாது. ஒண்ணு கெடைச்சா நாலு கட்டு."

பஸ்ஸுல மொதல்ல சிரிச்சது ஒரு கிழவர்தான். "கேட்டியாலே, விதை வீட்டுப் பிள்ளைடா அது"ன்னார். அப்புறம் பஸ்ஸே சிரிச்சுச்சு, இது வேற சிரிப்பு. ஹெச்.எம். மட்டும் சிரிக்கல. கையை நீட்டி அவ கையில இருந்த கட்டை வாங்கினார். ஒவ்வொண்ணாத் தொட்டு எண்ணினார். பதினொண்ணு. ஸ்டாக் எண்ணி எண்ணிப் பழகுன கையில்லையா, அவருக்கு நான் விளக்க வேண்டியதே இல்ல. பையத் திறந்து கவரை எடுத்தார். அத்தனை பக்குவமா ஒட்டுன கவரைச் சர்ருன்னு கிழிச்சார்.

"அடிச்சா ஓரத்துல காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும் டீச்சர். ரூல்"னார்.

பேனாவை வாங்கிட்டேன். 'மறுபரிசீலனை'ன்னு எழுதலாம். அதுதான் முதல்ல கைக்கு வந்துச்சு. யாருக்கும் வலிக்காத வார்த்தை. எழுதப் போயிட்டு நிறுத்திட்டேன். அந்தப் பிள்ளை நோட்டுல எத்தனை சிவப்புக் கோடு போட்டிருக்கேன், என் பேருக்கு ஒண்ணு போட்டுக்கக் கூடாதா? 'மாணவியின் கணக்கு சரி. பிழை ஆசிரியையுடையது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். ஹெச்.எம். ரெண்டு தடவை படிச்சார்.

"இப்பிடித்தான் எழுதணுமா டீச்சர்?"

"ரூல் சார்"னேன்.

மறுநாள்ல இருந்து கணக்குப் பெட்டி பீரோவுக்குள்ள போகல. அவரேதான் எடுத்து வெளிய வச்சார். வருசக் கடைசியில மூணு கட்டை காணாமப் போச்சு. தேஞ்சு போச்சுன்னு ரிஜிஸ்டர்ல எழுதிட்டார். பிளாஸ்டிக் எங்கயாச்சும் தேயுமா?

இதான் நான் உங்ககிட்ட மழுப்புன பதில். எந்தப் பொருள்னாலும் நல்ல பொருள்தான். ஆனா பிள்ளை கையில ஒரு பொருளைக் குடுக்கையில, அந்தப் பொருளோட அது வீட்டுப் பழக்கமும் சேந்து வகுப்புக்குள்ள வருது. அதனால பிள்ளை கட்டுன கட்டை நீங்க ஒரு தடவை அவுத்து எண்ணுங்க. தப்புன்னு போடுறதுக்கு முன்னாடி, எப்பிடி தாயி செஞ்சேன்னு கேளுங்க. கேட்டுட்டுச் சிரிக்காதீங்க. நான் சிரிச்சதுல ஒரு பிள்ளையையே மலைய விட்டு இறக்கியிருப்பேன்.

அன்னிக்குப் பஸ் கிளம்பிப் போனதும் திரும்பிப் பாக்குறேன், அவ அம்மா மூச்சு வாங்க ஓடி வந்து ரோட்டோரத்துல நிக்குது. கையில பூண்டு நாரு இன்னும் சுத்திக் கெடக்கு. பஸ்ஸுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. என் முகத்தையே பாத்துக்கிட்டு, மறுபடியும் அதே கேள்வியத்தான் கேட்டுச்சு.

"துணிமணியை எடுத்து வச்சிரவாங்க?"

"வேணாம்மா. நாளைக்கு வெள்ளனே ஸ்கூலுக்கு அனுப்பிவிடு"ன்னேன்.

அந்தம்மா ரோட்டுலயே உக்காந்து அழுதுருச்சு. கோகிலா அது முதுகைத் தடவிக்கிட்டே எங்கிட்டக் கேட்டுச்சு: "டீச்சர், ஹெச்.எம். சாரு என் பூண்டைக் கொண்டு போயிட்டாரே, நாளைக்கு நான் எதை வச்சுக் கணக்குப் போடுவேன்?"